காத்திருக்கும் மரம்



யப்பானியக் கவிஞர் மிகுதியாகப் பாடிய மரங்களுள் ஒன்று பைன். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'மட்சு'. அதே ஒலிக்குக் காத்திருத்தல் என்றும் பொருளுண்டு. 9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆரிவாரா நோ யுகிஹிரா, தூர மாகாணமொன்றுக்கு ஆளுநராகப் புறப்பட்டபோது இச்சிலேடையை வைத்தே விடைபெற்றார். மலையுச்சிப் பைனையும், தம் வரவுக்காகக் காத்திருப்போரையும் ஒரே சொல்லிற் காட்டினார். நமது முல்லைத் திணையின் உரிப்பொருளும் இருத்தலே என்பதை நேயர்கள் இங்கு நினைவுகூரலாம்.

காத்திருக்கும் மரத்தையும் யாரோ காக்க வேண்டும். கனசாவா நகரிலே கென்றொகுவென் என்ற புகழ்பெற்ற பூங்கா உண்டு. சைபீரியக் குளிர்காற்று யப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து அப்பகுதியிற் பனியாகக் கொட்டுகிறது. ஈரம் மிகுந்த, பாரமான பனி அது. இலையுதிர்த்து நிற்கும் மரங்களில் அது அதிகம் தங்காது. பைனோ மாரியிலும் இலையைக் கைவிடுவதில்லை. ஊசியிலைகளில் பனி ஏறியமர, கிளை முறிகிறது. மாறாத பசுமையே மரத்துக்கு ஆபத்தாகிறது.

ஆகவே, ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் திகதி தோட்டக்காரர் வேலை தொடங்குகின்றனர். மரத்தருகே உயர்ந்த கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து குடைபோலக் கயிறுகளை இறக்கிக் கிளைகளைத் தாங்கிக் கட்டுகின்றனர். இதற்கு 'யுகிட்சுரி' என்று பெயர். அங்குள்ள கரசாக்கிப் பைனுக்கு மட்டும் ஐந்து கம்பங்கள், ஏறத்தாழ 800 கயிறுகள். 19ஆம் நூற்றாண்டில் மாயேதா நரியசு என்ற பிரபு, பீவா ஏரிக்கரையிலுள்ள கரசாக்கியிலிருந்து விதை பெற்று வளர்த்த மரம் அது. விதையிட்டவர் இன்றைய நிழலைக் காணவில்லை.

பங்குனி பிறக்கையிற் கயிறுகள் அவிழும். அத்துடன் வேலை முடிவதில்லை. இளவேனிலில் மெழுகுதிரிபோல் நிமிரும் தளிர்களை விரலாற் கிள்ளுவர். இலையுதிர் காலத்திற் பழைய ஊசிகளைக் கையால் உருவி, உட்கிளைகளுக்கு வெயில் விடுவர். வெயில் காணாத கிளை காய்ந்துபோகும். இலையை முற்றாக இழந்த பழைய கிளை பெரும்பாலும் மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆகவே இங்கு அவசரம் செல்லாது.

என்றும் பசுமை என்கிறோம். உண்மையிலே பைனின் ஒவ்வோர் ஊசியும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடுகிறது. எல்லாம் ஒருங்கே உதிராததால் மரம் பசுமை குன்றாது நிற்கிறது. அதைக் காக்கும் கைகளும் அவ்வாறே. முதியவர் ஓய்வு பெறுமுன் இளையவர் முடிச்சுப் போடப் பழகிவிடுகிறார். மரபு என்று நாம் பேசுவதும் இதைத்தான். அடுத்த நவம்பரிலும் அங்கே ஏணி சாத்தப்படும், கயிறு இறங்கும்.