மகள் படிப்புக்கும் ஒரு கணக்கு நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரை)



வருஷா வருஷம் கூட்டமைப்பு வரவு செலவு வாசிக்கிறது என் வேலை. இன்னைக்கு என் வீட்டுக் கணக்கு ஒண்ணு வாசிக்கிறேன். உங்க வீட்டுலயும் ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைங்க இருக்காங்க, அதனாலதான்.

என் மக ப்ளஸ் டூ முடிச்சதும், "அம்மா, நான் சர்வதேச உறவுகள் படிக்கப் போறேன்"னா. "சொந்தக்காரங்க உறவே நமக்குச் சரியா வரல, இதுல சர்வதேச உறவா?"ன்னு சிரிச்சேன். அவ பொறுமையா விளக்கினா. நாடுகளுக்கு நடுவுல நடக்கிற பேச்சுவார்த்தை, வியாபாரம், ஒப்பந்தம், சண்டை எல்லாம் அந்தப் படிப்புல வருதாம். ராமேஸ்வரம் மீனவங்களை இலங்கைக் கடற்படை பிடிச்சா, யார் யார்கிட்ட பேசணும்கிறதும் அதுலதான் வருதாம். அப்பதான் இது நம்ம விஷயமும்தான்னு எனக்குப் புரிஞ்சுது.

ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். பேர் வேண்டாம். கட்டணமும் விடுதியும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம், மூணு வருஷத்துக்கு 9 லட்சம். "தூதரகத்துல வேலை, ஐ.நா. சபையில வேலை"ன்னு சொன்னாங்க. "போன வருஷம் முடிச்ச பிள்ளைங்க எங்க இருக்காங்க, என்ன சம்பளம்?"னு கேட்டேன். காபி கொடுத்தாங்க, பதில் கொடுக்கல.

கல்விக்கடன் 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் இல்லாம கிடைக்கும். ஏழரை லட்சத்தைத் தாண்டினா சொத்து அடமானம் கேப்பாங்க. எங்ககிட்ட இருக்கிற சொத்து அந்த ஓட்டு வீடு ஒண்ணுதான். பத்திரத்தைப் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாள் ராத்திரி, குழு நோட்டு மாதிரியே ஒரு பக்கம் கோடு போட்டு எழுதினேன்.

நம்ம வழக்கப்படி நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டின்னு வெச்சுக்கிட்டேன். படிக்கிற மூணு வருஷமும், அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது. நாலு வருஷம் முடியும்போது 9 லட்சம், 12 லட்சத்து 24 ஆயிரமா நிக்கும். பத்து வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 17,500. மொத்தம் 21 லட்சம் கட்டி முடிப்போம். முதல் வேலையில அவளுக்கு 20,000 சம்பளம்னு வெச்சுக்கோங்க, கையில மிஞ்சுறது 2,500. அதுல அவ வாடகை கொடுப்பாளா, சாப்பிடுவாளா?

அடுத்தது வரவுப் பக்கம். வெளியுறவுப் பணிக்குப் போறவங்க மத்தியத் தேர்வாணையத்தோட குடிமைப் பணித் தேர்வு எழுதணும். அதுக்கு எந்தப் பட்டமும் போதும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. சேரும்போது அடிப்படைச் சம்பளம் 56,100. ஆனா பல லட்சம் பேர் விண்ணப்பிக்கிற இடத்துல இந்தப் பணிக்கு எடுக்கிறது சில டஜன் பேரைத்தான். ஐ.நா. செயலகத்துல பயிற்சிக்குப் போனா சம்பளம் இல்லை, தங்கறது சாப்பிடறது நம்ம செலவு.

வெளியுறவுப் பணியில சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படிச்சவங்க. முதுகலையில எடுத்தது ஆங்கில இலக்கியம். பெண்ணுங்கறதால பதவி உயர்வு மறுக்கப்பட்டப்ப உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1979ல வந்த தீர்ப்பு, பெண்களுக்கு எதிரான பணி விதிகளைக் கண்டிச்சுது. கல்யாணம் பண்ணிக்க அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும்னுகூட அப்ப ஒரு விதி இருந்துச்சாம். அவங்களை உயர்த்தினது பட்டத்தோட பேர் இல்லை.

மறுநாள் காலையில நோட்டை மககிட்ட கொடுத்தேன். ரெண்டு வாரம் எங்கிட்ட பேசல. "உனக்கு என் மேல நம்பிக்கை இல்லை"ன்னு அழுதா. அந்த வார்த்தை இன்னைக்கும் எனக்கு வலிக்குது. அப்புறம் அவளே அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தா. விடை மாறல.

அரசுக் கலைக் கல்லூரியில பி.ஏ. வரலாறு சேர்ந்தா. கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில படிச்சவங்கறதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் அவ கணக்குக்கே வருது, மூணு வருஷத்துக்கு 36,000. அதுல பிரெஞ்சு கத்துக்கிறா. ஐ.நா.வோட ஆறு அலுவல் மொழிகள்ல அது ஒண்ணு. அடுத்து டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கோ நுழைவுத் தேர்வு எழுதப் போறா. ரெண்டுலயும் சர்வதேச உறவுகள் படிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்கறதால, எங்களால தாங்கக்கூடிய கட்டணம். கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியாது. கிடைக்கலன்னாலும் வீடு எங்க பேர்லயே இருக்கும்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு"ன்னு சொல்றதுக்கு நான் இங்க நிக்கல. அந்தப் பேச்சை நாம கேட்டுக் கேட்டுக் காது புளிச்சாச்சு. ஆசைப்பட்டதைப் படிக்கட்டும். ஆனா ஆடு வாங்க 20,000 கடன் கேட்கிற உறுப்பினர்கிட்ட, எப்படித் திருப்புவேன்னு நாம நாலு கேள்வி கேக்கறோம். 9 லட்சம் கேட்கிற கல்லூரிகிட்ட ஏன் ஒரு கேள்விகூடக் கேக்கறதில்லை?

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க? இதே வாசலுக்குக் குறைஞ்ச செலவுல வேற வழி இருக்கா? வேலை ஒரு வருஷம் தள்ளிப் போனா தவணையை யார் கட்டறது? பதிலைப் பிள்ளைங்களையே நோட்டுல எழுதச் சொல்லுங்க.

கணக்குப் பார்க்கிறது பிள்ளை மேல நம்பிக்கை இல்லாததால இல்லை. அவ தலையில நாம கடனை ஏத்தி வைக்கக் கூடாதுங்கறதாலதான்.