இரு கரைக்கும் நடுவே நின்ற முன்ஷி

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

செம்பவாங் வட்டாரத்தில் வாழ்வோர்க்குச் சாலைப் பெயர்களே ஒரு வரலாற்று ஏடாகும். கான்பெரா, வெலிங்டன், மாண்ட்ரியல் என்று தம் பேரரசின் தூர தேசத்து ஊர்களையெல்லாம் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தைச் சுற்றியிருந்த சாலைகளுக்குச் சூட்டிச் சென்றனர். செம்பவாங் என்னும் பெயரோ மலாய் மக்கள் ஒரு மரத்திற்கு இட்ட பெயர். இங்கிருந்து தெற்கே நகரை நோக்கிச் செல்லும் வழியில், 1960களில் ஆசிரியர் சங்கத்தின் முயற்சியால் எழுந்த ஆசிரியர் குடியிருப்பு உள்ளது. அங்குள்ள சாலைகளுக்குப் புலவர் பெருமக்களின் பெயர்கள் வாய்த்துள்ளன. காளிதாசர், தாகூர், இக்பால், உமர் கயாம், சீனக் கவி லீ போ ஆகியோரோடு முன்ஷி அப்துல்லாவின் பெயரும் அங்கே உண்டு. அவரைத் தமிழர் அதிகம் அறியார். அறிந்திருக்க வேண்டியவர்.

வெவ்வேறு பண்பாட்டு மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிப் புரிந்துகொள்கின்றனர் என்பது இன்று பல்கலைக்கழகங்களில் தனித்துறையாகவே பயிலப்படுகிறது. அத்துறைக்குப் பெயர் வருமுன்னரே, அதனைத் தம் பிழைப்பாகவும் வாழ்நாள் ஆய்வாகவும் கொண்டிருந்தவர் அப்துல்லா பின் அப்துல் காதிர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தவர் அவர். அவருடைய முப்பாட்டனார் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே மணம் புரிந்தவர். அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பம். வீட்டிலும் வீதியிலும் வழங்கியது மலாய். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். வணிகருள் பலர் இந்தியராதலின் கணக்கு வழக்கிற்கும் பேச்சிற்கும் தமிழ் வேண்டப்பட்டது. அப்துல்லாவும் ஆசிரியரிடம் அமர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் பயின்றார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்து, அவர்களிடம் இந்துஸ்தானி கற்றார். ‘முன்ஷி’, அதாவது ஆசான், என்னும் பட்டம் அந்தச் சிப்பாய்கள் வாயிலாக வந்ததே. ஆங்கிலத்தைப் பாதிரிமாரிடம் கற்றார்.

அவர் மிகுந்த பாடுபட்டுக் கற்ற மொழி எதுவெனின், தாம் பேசிவந்த மலாய்மொழிதான்! பழைய ஏடுகளைத் தேடிப் படித்தும் முதியோரைக் கேட்டும் கற்றார். தாய்மொழியைப் போய் எவரேனும் படிப்பார்களா என்று ஊரார் எண்ணியதை அவர் மனம் வருந்திக் குறிப்பிடுகிறார். இந்தக் குறை மலாக்காவோடும் அந்த நூற்றாண்டோடும் நின்றுவிடவில்லை என்பது இங்கு அமர்ந்திருக்கும் பெற்றோர்க்குத் தெரியும்.

1811இல் ஜாவா படையெடுப்பிற்கு முன் ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது, இளைஞரான அப்துல்லா அவரிடம் எழுத்தராக அமர்ந்தார். மலாய் அரசர்க்குக் கடிதம் எழுதுவது அன்று பெருங்கலை. தொடக்கத்திலே புகழுரை எவ்வளவு, எந்தச் சொல் எந்த அரசருக்குத் தகும் என்பதற்கெல்லாம் முறையுண்டு. முத்திரை தாளில் எவ்விடத்தில் விழுகிறது என்பதே எழுதியவர் தம்மை உயர்த்திக்கொண்டாரா, தாழ்த்திக்கொண்டாரா என்பதைச் சொல்லிவிடும். ராஃபிள்ஸ் இம்முறைகளைக் கேட்டுக் கேட்டு அறிந்ததையும், ஆட்களை அமர்த்தி மலாய் ஏடுகளைப் படியெடுத்துச் சேர்த்ததையும் அப்துல்லா வியந்து எழுதியுள்ளார். அந்த ஏடுகளுட் பெரும்பகுதி 1824இல் ‘ஃபேம்’ என்னும் கப்பல் தீப்பற்றியபோது எரிந்துபோயின. அச்செய்தி கேட்டு அவர் பட்ட துயரம், சொந்த வீட்டை இழந்தவர் துயரம் போன்றது.

அவருடைய ஆராய்ச்சி நுட்பம் புலப்படும் இடம் வேறொன்று. தாம்சன் என்னும் பாதிரியார் கிறித்துவ வேதத்தை மலாயில் பெயர்த்தபோது அப்துல்லா உடனிருந்தார். சொற்கள் மலாய்ச் சொற்களாயினும் அவை அமைந்த விதம் ஆங்கிலம் என்று அவர் மன்றாடிப் பார்த்தார். மலாய்க்காரர் காதில் அவ்வாக்கியங்கள் விழும். உள்ளே செல்லா என்பது அவர் கருத்து. பாதிரியாரோ இசையவில்லை. சொல்லுக்குச் சொல் வைப்பதே நேர்மை என்று ஒருவர் நினைக்க, கேட்பவர் மனத்தில் பொருள் சேர்வதே நேர்மை என்று மற்றவர் நினைத்தார். பாதிரிமாரோடு பழகியதற்காக ஊரார் அவருக்கு ‘அப்துல்லா பாதிரி’ என்று பெயர் வைத்தனர். அவரோ இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854இல் ஹஜ் யாத்திரை மேற்கொண்டபோது அரபு மண்ணில் காலமானார். இடையில் நிற்பவனுக்கு இரு பக்கத்துக் கல்லும் விழும் போலும்!

குறையில்லாதவர் அல்லர் அவர். ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்வார். மலாய் மக்களைக் கடிந்துரைப்பார். ஆயினும் மொழி வகையில் அவரிடம் செருக்கு இருந்ததில்லை. பஞ்சதந்திரக் கதைகளை 1835இல் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தபோது, தாம் தமிழ் பயின்றவராயிருந்தும் ஒரு தமிழ் நண்பரின் துணையை நாடினார். தமிழ் படித்தோம் என்று விட்டுவிடாமல், அம்மொழியில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டார்.

சிங்கப்பூரில் நான்கு மொழிகளில் அறிவிப்பு எழுதுவோர்க்கெல்லாம் இந்த ஒரு செய்தியைச் சொல்லலாம். சில பலகைகளில் தமிழ் எழுத்து இருக்கும், தமிழ் இராது. இக்குறையைக் களைய 2014இல் அரசாங்கம் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தது நற்செயல்.

இனி, நம் செம்பவாங்கிற்கு வருவோம். கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை 1938இல் திறக்கப்பட்டது. தளம் 1968இல் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து கப்பல் பட்டறையாயிற்று. தமிழர், மலையாளிகள், சீனர், மலாய்க்காரர் யாவரும் அங்கே ஒருங்கே உழைத்தனர். அவர்களை இணைத்தது பாசார் மலாய். இலக்கணம் பாராத அம்மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பதற்கு ‘குவா’, ‘லூ’ என்னும் ஹொக்கியன் சொற்கள் வழங்கின. தமிழ் முன்னரே மலாய்க்குத் தந்திருந்த சொற்களும் அதில் நிறைந்திருந்தன. ‘காப்பால்’ நம் கப்பல்; ‘கெடாய்’ நம் கடை; ‘பெத்தி’ நம் பெட்டி; வணிகர் போடும் ‘மொடால்’ நம் முதல். அதனைப் பொற்காலமென்று பாடிவிட வேண்டியதில்லை. பாசார் மலாயில் விலை பேசலாம், கயிற்றை இழுக்கச் சொல்லலாம். தாயை இழந்த தோழனுக்கு ஆறுதல் சொல்ல அது போதாது.

இன்று ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்துள்ளது. தேசிய சேவையில் நம் பிள்ளைகள் ‘செடியா’ என்றவுடன் விறைத்து நிற்பதும் ‘செனாங் டிரி’ என்றவுடன் தளர்ந்து நிற்பதும்தான் பலருக்குத் தெரிந்த மலாய். ஆங்கிலத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசுகின்றனர், நன்மையே. ஆனால் காவடி நாளன்று சீன நண்பர், “இதை ஏன் சுமக்கிறீர்கள்?” என்று கேட்டால், நம் இளைஞர் பலர் “எங்கள் வழக்கம்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றனர். ஆங்கிலம் குறையற்றது, சொல்ல வேண்டிய செய்திதான் கையில் இல்லை. அது பாட்டியிடம் தமிழில் இருக்கிறது. பாட்டிக்கோ ஆங்கிலம் வராது, பேரனுக்குத் தமிழ் தயங்குகிறது. முன்ஷி நின்ற இடம் நம் வீட்டில் காலியாக உள்ளது.

அந்தச் செய்தி கடினமானதும் அன்று. அகத்தியர் ஆணைப்படி இடும்பன் இரண்டு மலைகளைத் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் சுமந்து வந்தான்; பழநியில் இறக்கி வைத்தவன் மீண்டும் தூக்க முடியாமல் நின்றான். அந்தத் தண்டே காவடி. தோளில் தண்டு வைத்து இருபுறமும் பாரம் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக உணவு விற்ற சீனப் பெரியவர்களை இந்நகரம் கண்டிருக்கிறது. மலாயில் அவ்வாறு சுமப்பதற்குக் ‘கண்டார்’ என்று பெயர். பினாங்கின் நாசி கண்டார் அப்பெயர் தாங்கியதே. சீன நண்பரிடம் அவருடைய பாட்டனார் தோளில் கிடந்த தண்டிலிருந்தும், மலாய் நண்பரிடம் நாசி கண்டாரிலிருந்தும் தொடங்கி இடும்பன் கதைக்கு வரலாம். இவ்வாண்டும் அலுவலக நண்பர்கள் பலர் காவடி காண வருவர். கட்டாயம் கேட்பர்.