தோட்டத்துப் பிள்ளைகளின் நித்திரை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நித்திரையும் ஒரு பிரசங்கத்துக்குரிய விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அப்பிள்ளை இரவு எப்படிப் படுத்தது என்று கேட்பாரைக் காண்பது அரிது. ஆதலால் அதையே பேசத் துணிந்தோம்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது வேண்டும் என்பர் வைத்தியர். நமது பழைய லயங்களைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள்ளே பாட்டி முதல் பேரன் வரை. ஒரு மூலையில் அடுப்புப் புகை, மறு மூலையில் தொலைக்காட்சி. கொழுந்து பறித்துத் திரும்பிய தாய், தண்ணீர் சுமந்து, சமைத்து முடிக்க இரவு ஒன்பதாகிறது; விடியுமுன்னே மறுபடி எழும்ப வேண்டும். தாயைக் குறை சொல்லுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இவர்களிலும் இரக்கத்துக்குரியோர் உளர். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளை ஒன்று. மண்சரிவைக் கண்ட பிள்ளை மற்றொன்று. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நம் மாவட்டத்திலும் மலை சரிந்ததைக் கண்டவர்களுக்குத் தகரத்தில் விழும் மழைச் சத்தமே போதும்; உறக்கம் ஓடிவிடும். அப்பிள்ளையை அதட்டுவது தகாது. அருகில் ஒருவர் படுத்திருந்து, கைபிடித்துக்கொள்ள வேண்டும். பயம் வாரக்கணக்கில் தணியாவிடில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெரிதாகக் குறட்டை விடும் பிள்ளையையும் அப்படியே.

மற்றப் பிள்ளைகளுக்கு வழி பழக்கத்தில் இருக்கிறது. பத்து மணிக்கே உறங்கும் பிள்ளையை எட்டுக்குப் படு என்று விரட்டிப் பயனில்லை. முதலில் பத்துக்கே படுக்கவிடுங்கள். படுத்தவுடன் உறக்கம் வரத் தொடங்கியதும், சில நாளுக்கொரு முறை கால்மணி நேரம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் மாறலாகாது. கைகால் கழுவுதல், சாப்பாடு, பாட்டியின் கதை, விளக்கணைத்தல் என்று தினமும் ஒரே ஒழுங்கு இருக்கட்டும். சொன்னபடி படுத்த பிள்ளையைக் காலையில் நாலுபேர் முன் மெச்சுங்கள். கைத்தொலைபேசி அந்நேரத்தில் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தேயிலை நாட்டிலே சொல்லத் தயக்கந்தான்; ஆயினும் அந்திக்குமேல் பிள்ளைக்குச் சாயத்தண்ணி கொடாதீர்கள். அதிலுள்ள கஃபீன் உறக்கத்தைப் பல மணி நேரம் தடுக்கும். குளிருக்கென்று தணற்சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைப்பதோ உயிருக்கே ஆபத்து.

வாலிபர்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறோம். மாலை வகுப்புக்களை ஏழு மணிக்கு முடியுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. திருவிழாவுக்கு விசேஷ அனுமதி கிடைத்தாலும், குழாய்களை லயத்துப் பக்கம் திருப்பிக் கட்டாதீர்கள். பெரியோர்கள் இதை வருகிற திருவிழாக் கூட்டத்திலேயே தீர்மானமாக்க வேண்டுகிறோம்.