தோட்டத்துக் குழாயும் அதன் மடிப்பும்

மாலை நாலரை மணியளவில் யாழ்ப்பாணத்து வளவு ஒன்றினுள் எட்டிப் பார்ப்பவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். வீட்டு அம்மையார் கத்தரிப் பாத்தியின் அருகே குழாயின் நுனியைப் பிடித்தபடி நிற்கின்றார். நன்றாக வந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென இளைத்து, சொட்டாகி, நின்றுவிடுகின்றது. திரும்பிப் பார்க்கின்றார். நாற்பதடி தூரத்தில், செவ்வரத்தை மரத்தடியிலே, குழாய் மடிந்து கிடக்கின்றது. நுனியை நிலத்தில் வைத்துவிட்டு நடந்து சென்று மடிப்பை நிமிர்த்துகின்றார். நிமிர்த்திய கணத்தில் அங்கே கிடந்த நுனி தண்ணீரைப் பீறி, அன்று காலை நட்ட மிளகாய்க் கன்றுகளின் வேரடி மண்ணைக் கரைத்துவிடுகின்றது. மீண்டும் வந்து நுனியை எடுத்து இரண்டடி இழுத்தால், வேறோரிடத்தில் இன்னொரு மடிப்பு.

இளவயதினருக்கு இஃது ஒரு விளையாட்டு. முழங்கால் வாதமுள்ள அறுபது வயதினருக்கோ தோட்டத்தையே கைவிடுவதற்கு இது போதிய காரணம். வீட்டுக்குக் கறிக்காய் தந்த வளவுகள் பல தரிசாய்க் கிடப்பதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் மட்டுமே காரணமன்று. தண்ணீரைச் செடியடிக்குக் கொண்டுசெல்லும் சலிப்பும் ஒரு காரணமாகும். குழாயை நேரே இயந்திரத்தில் பூட்டி இறைக்கும் வீடுகளில் வேறொரு கேடும் உண்டு. வழி அடைபட்டபின்னும் இயந்திரம் சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே நின்ற நீர் சூடேறும். நாளடைவில் நீர் கசியாது காக்கும் அடைப்புப் பழுதாகும். மின்சாரக் கட்டணமும் வீணாய் ஏறும்.

குழாய் ஏன் மடிகின்றது? பப்பாசி இலைக் காம்பை ஒடித்து ஊதி விளையாடாத சிறுவர் நம் நாட்டில் இலர். அக்காம்பை மெல்ல வளைத்தால் முதலில் வளைந்து கொடுக்கும். பின்னர் ஓரிடத்தில் சட்டென நெரியும். குழாயும் அவ்வாறே. உள்ளீடற்ற ஒன்றை வளைக்கும்போது வெளிப்புறம் இழுபடுகின்றது, உட்புறம் நெருக்குண்கின்றது. அதனால் வட்டமாயிருந்த வாய் முட்டை வடிவாகச் சப்பையாகின்றது. சப்பையான குழாயை வளைப்பது முன்னினும் எளிது; ஆகவே அது மேலும் வளைகின்றது, மேலும் சப்பையாகின்றது. ஓர் எல்லையைத் தாண்டியதும் உட்புறச் சுவர் உள்ளே மடிந்துவிடும். மெல்லிய சுவருள்ள குழல்கள் இவ்வாறு நிலைகுலைவதைப் பிரேசியர் என்னும் ஆய்வாளர் 1927 இல் கணிதமுறையாக விளக்கினார்.

இதிலிருந்து வாங்குபவருக்கு வேண்டிய உண்மை ஒன்று கிடைக்கின்றது. மடிப்பைத் தடுப்பது குழாயின் பருமன் அன்று. துவாரத்தின் அகலத்தோடு ஒப்பிடும்போது சுவருக்குள்ள தடிப்பே. சுவர் ஒரே தடிப்பாயின், முக்கால் அங்குலக் குழாய் அரை அங்குலக் குழாயிலும் விரைவாக மடியும். 'பெரிதாக வாங்கினால் பலமாக இருக்கும்' என்று எண்ணிக் கடையிலிருந்து அகன்ற மெல்லிய குழாயைச் சுமந்துவருபவர் பணமும் கொடுத்துத் தொல்லையையும் வாங்கியவராவார். முக்கால் அங்குலத்தில் நீர் மிகுதியாக வருவது மெய்யே. வாயின் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆனால் நூறடிக் குழாய்க்குள் நிற்கும் நீர் மாத்திரமே எட்டரை இலீற்றருக்கு மேலாகும். அத்தனை நிறையையும் பாத்திகளுக்கிடையே இழுத்துச் செல்ல வேண்டும். அரை அங்குலத்தில் அது நாலு இலீற்றருக்குக் குறைவே. வீட்டுத் தோட்டத்துக்கு அரை அங்குலம் போதும்.

இன்னொன்றையும் நேயர்கள் கருதவேண்டும். உள்ளே நீரின் அழுத்தம் மிகுந்திருந்தால் குழாய் எளிதில் மடியாது. நீரே உள்ளிருந்து சுவரைத் தாங்கும். உயரமான பொதுத் தாங்கியிலிருந்து வரும் நகரக் குழாய்நீருக்கு அப்பலம் உண்டு. இருபதடி உயரத்தில் வீட்டுத் தாங்கி வைத்திருப்போருக்குக் கிடைப்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஆகையால் ஒருவர் வீட்டில் நன்றாக உழைக்கும் குழாய் அயல்வீட்டில் ஓயாது மடியலாம். அயலாரைக் கேட்டு வாங்குவது நல்ல வழக்கமே. அவர் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்பதையும் சேர்த்துக் கேட்பது நன்று.

அடுத்தது குழாய் எதனாலானது என்பது. 1876 இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரப் பூங்காவில் நடப்பட்ட நாள் முதலாக இறப்பர் இந்நாட்டுப் பொருளாயிற்று. ஆயினும் இன்று வளவுகளிற் கிடப்பவை பெரும்பாலும் பிளாத்திக்குக் குழாய்களே. இறப்பர்க் குழாய் எளிதில் நெரிவதில்லை. வெயிலிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே தன்மையாய் இருக்கும். விலையும் பாரமும் அதன் குறைகள். பிளாத்திக்கு வெப்பத்தில் இளகும். ஆதலின் கடையின் நிழலில் விறைப்பாய் நின்ற குழாய், நண்பகல் வெயிலிற் கிடந்தபின் வாழைநார்போற் தொய்ந்து மடியும். அதனை மென்மையாக்கச் சேர்த்த பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியேறிவிடுவதால், பழைய குழாய் மரத்துப்போய், மடிந்த இடத்திலேயே வெடிக்கும். உள்ளே தெரியும்படி கண்ணாடிபோலிருக்கும் குழாய் பார்வைக்கு அழகு. ஆனால் ஒளி புகுவதாற் சில மாதங்களில் உள்ளே பாசி படரும்.

பிளாத்திக்குக் குழாயே வாங்குவதாயின், சுவரின் நடுவே நூற்பின்னல் உள்ளதாகப் பார்க்க வேண்டும். நூல் ஒரே திசையிற் சுற்றப்பட்டிருந்தால், நீர் ஏறியதும் குழாய் தானே முறுகத் தொடங்கும். இரு திசையிலும் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிய பின்னல் அம்முறுக்கை ஒன்றோடொன்று ஈடுசெய்துவிடும். பின்னற் கோணம் ஏறத்தாழ 55 பாகையாய் இருக்கும்போது குழாய் அழுத்தத்தில் நீளவும் மாட்டாது, வீங்கவும் மாட்டாது. கோணத்தை அளக்க யாரும் கடைக்குப் பாகைமானி கொண்டுசெல்லப் போவதில்லை. வெட்டிய வாயைப் பார்த்தாற் போதும்: சுவர் சுற்றிலும் ஒரே தடிப்பாய் உள்ளதா, ஒருபுறம் மெலிந்துள்ளதா? மெலிந்த புறமே முதலில் மடியும். பின்னர் இரண்டு மூன்றடியைக் கையிலெடுத்து வளையமாக்கி, வளையத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்க வேண்டும். சாப்பாட்டுக் கோப்பையளவு வளையத்திலும் நெரியாத குழாயை நம்பி வாங்கலாம். பெரிய சுளகு அளவிலேயே நெரிவதை, உறையில் 'மடியாதது' என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், திருப்பி வைத்துவிடலாம். வளைத்துப் பார்க்கக் கடைக்காரர் விடாவிட்டால் வேறு கடைக்குப் போவதே மேல்.

இத்துணை ஆராய்ந்து வாங்கிய குழாயும் சிக்குப்படக் கூடும். அக்குற்றம் பெரும்பாலும் சுருட்டுபவர் கையிலுள்ளது. இரண்டடி அகல வளையங்களாகச் சுருட்டிய அறுபதடிக் குழாயில் ஒன்பது வளையங்களுக்கு மேல் இருக்கும். சுருளை நிலத்தில் வைத்தபடியே நுனியைப் பற்றி இழுத்தால் ஒவ்வொரு வளையமும் ஒரு முழு முறுக்காக மாறும். ஒன்பது முறுக்கு ஏறிய குழாய் எங்கே தளர்ந்தாலும் அங்கே சுருண்டு வளையம் விழும். அவ்வளையத்தை இழுத்தால் மடிப்பு. கிணற்றுக் கயிறு முறுக்கேறிச் சுருள்வதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பரிகாரம் எளிது. சுருட்டும்போது ஒரு வளையத்தை மேலாகவும் அடுத்ததைக் கீழாகப் புரட்டியும் போடவேண்டும். அல்லது தமிழ் எண் எட்டைப் போலன்றி, இப்போது வழங்கும் 8 என்ற இலக்க வடிவில் நிலத்திற் பரப்பவேண்டும். ஒரு முறுக்கை மற்றது அவிழ்த்துவிடும். குழாயின் நெடுகிலும் ஒரு நிறக்கோடு ஓடுவதாக வாங்கினால், கோடு சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தே முறுக்கு ஏறியிருப்பதை அறியலாம்.

நீளத்தைக் குறைப்பதும் நன்று. நூறடிக் குழாய் ஒன்றை வளவு முழுதும் இழுப்பதிலும், விறைத்த நீர்க்குழாயை மண்ணுக்குள் புதைத்து, வளவின் நடுவே ஒரு வாய் வைத்து, அங்கிருந்து நாற்பதடிக் குழாயாற் பாய்ச்சுவது இலகு. செலவு ஒருமுறைதான். அவ்வாயைக் கிடையாக வைத்தால் குழாய் தன் பாரத்தாற் பூட்டிய இடத்திலேயே தொங்கி மடியும். கீழ்நோக்கிய முழங்கை ஒன்றைப் பொருத்திவிட்டால் அம்மடிப்பு நேராது.

வேலை முடிந்ததும் நீரை வடித்து, குழாயை நிழலில் மாட்டவேண்டும். ஆணியில் மாட்டினால் ஆணி தாங்கும் இடத்தில் நெரியும். பழைய மோட்டார்ச் சில்லின் இரும்பு வளையம் ஒன்றைக் கிணற்றடிச் சுவரிற் பதித்துவிட்டால், அதன் அகன்ற வளைவில் அறுபதடிக் குழாய் தாராளமாய்த் தங்கும்.