எருதின் மூட்டு நோயும் ஊசி மருந்தும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரிலும் வண்டியிலும் பல ஆண்டுகள் உழைத்த எருது, வயதேறிய பின் காலையில் எழ முடியாமல் தடுமாறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எழுந்து நாலடி வைத்தால் நடை சற்றுச் சீர்படும். மறுநாள் காலையில் மீண்டும் அதே தடுமாற்றம். எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பும், அவற்றினிடையே எண்ணெய் போன்றதொரு நீரும் உள்ளன. நெடுநாளைய உழைப்பில் குருத்தெலும்பு தேய்ந்து, அந்நீரும் கெடும்பொழுது மூட்டு வீங்கி வலிக்கிறது. தேய்ந்ததை முன்போல் வளரச் செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ஏனெனில் மருந்து விற்பவர் சொல்வது வேறாக இருக்கக்கூடும்.

பந்தயக் குதிரைகளுக்கு மூட்டுக்குள்ளேயே ஹயலூரானிக் அமிலம் போன்றவற்றை ஊசியால் செலுத்துகிறார்கள். ஊசி முனையில் சிறிது அசுத்தம் இருந்தாலும் மூட்டு சீழ்பிடித்துக் குதிரை முடமாகிவிடும். மாட்டுக்கொட்டிலில் செய்யத்தக்க காரியமன்று அது. தீவனத்தில் கலக்கும் குளுக்கோசமீன் தூளோ, குதிரைகளிடத்திலேயே ஐயமறப் பயன் தந்ததாக நிலைநாட்டப்படவில்லை; மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தும் விடுகின்றன. அந்தப் பணத்திற்குப் பிண்ணாக்கு வாங்கலாம்.

ஆகவே நம் கிராமங்களில் எஞ்சி நிற்பது வலியைக் குறைக்கும் ஊசிதான். அதைக் குறித்தே இன்று பேச வந்தோம்.

1990-களில் டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து கால்நடைகளுக்கு மலிவாகக் கிடைக்கலாயிற்று. அதைப் போட்டதும் எருது எழுந்து நடந்தது. மாட்டுக்கு அது நன்மையே செய்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கேடு வேறிடத்தில் விளைந்தது. ஊசி போட்ட ஓரிரு நாட்களில் மாடு இறந்து, அச்சடலத்தைப் பாறுக் கழுகுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்மையாகப் படிந்து அவை மடிகின்றன. பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை ஆராய்ந்தவர்கள் 2004-இல் இதை வெளியிட்டனர். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சிருந்தாலே அவ்வினம் அழியப் போதும் என்றும் கணக்கிடப்பட்டது. ஒரு சடலத்தை ஒரு கூட்டமே கூடி உண்கிறது. பாறு ஆண்டுக்கு இடுவதோ ஒரே முட்டை. இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்ததாகக் கொண்டால், 2007-இல் எஞ்சியது ஏறத்தாழ ஒன்றே. தமிழ்நாட்டில் இன்று அவை பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளையொட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கையே நம்பி வாழ்கின்றன.

கழுகு போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஊர்ப்புறத்தில் எறிந்த மாட்டைப் பாறுகள் சிறிது நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும் என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். அவை இல்லாத இடத்தில் சடலம் அழுகிக் கிடக்கிறது, நாய்கள் திரள்கின்றன. நாய் பெருகுமிடத்தில் வெறிநாய்க்கடி அச்சமும் பெருகும். இது பஞ்சாயத்தின் தலையில் விழும் பொறுப்பேயன்றிக் காட்டிலாகாவுக்கு மட்டும் உரியதன்று.

மத்திய அரசு 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதன் பின்னரும் மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் பயன்பட்டமையால், 2015-இல் அவ்வூசி மருந்தை ஒரு வேளைக்குரிய சிறு குப்பிகளில் மட்டுமே விற்க வேண்டும் என்று விதித்தனர். மாட்டின் உடலில் புகுந்ததும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக்கும், கீட்டோபுரோஃபெனும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடைபட்டன. 2024 இறுதியில் நிமெசுலைடும் அப்பட்டியலிற் சேர்ந்தது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காதவை என்று ஆராய்ச்சியில் தெளிந்தவை மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் ஆகும். வலியையும் வீக்கத்தையும் இவையும் தணிக்கும். ஊசி போட வருபவரிடம் குப்பியை வாங்கிப் பெயரைப் படித்துப் பாருங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

எந்த ஊசியாயினும் நொண்டலின் காரணத்தை அறியாமல் போடலாகாது. ஒரே மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அது தேய்வன்று, சீழாக இருக்கலாம். வலியை மட்டும் அடக்கினால் நோய் உள்ளே முற்றும். கன்றுகளுக்கு இது பெரும்பாலும் தொப்புள் வழியாக வருவது. பிறந்தவுடன் தொப்புளில் டிங்சர் அயோடின் தடவுவதற்குச் சில ரூபாய்தான் ஆகும். கிழ எருதுக்குக் கல் தரையில் வைக்கோல் பரப்பி, வளர்ந்த குளம்பைச் சீவி, பாரத்தைக் குறைத்தாலே பாதி வலி தணியக் காண்கிறோம்.

ஊசி போட்ட நாளையும் மருந்தின் பெயரையும் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். தடைபட்ட மருந்தோ பெயர் தெரியாத மருந்தோ போட்ட மாடு சில நாட்களுக்குள் இறந்துவிட்டால், அதை வெளியே எறியாமல் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மாட்டை இழந்தவனிடமே குழிவெட்டும் கூலியையும் கேட்டால் அவன் இரவோடிரவாக ஓடைக்கரையில் இழுத்துப் போட்டுவிடுவான். அந்தக் கூலியைப் பஞ்சாயத்து ஏற்குமா என்பதை உங்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.