கோட்டைக்குள் எழுந்த கோயில்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பங்குக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இவ்விழா நாட்களில் நம் ஆலயத்தின் வரலாற்றைப் பெரியவர்கள் பலர் எடுத்துரைக்கக் கேட்டோம். இன்று நாம் சொல்லப்போவது வேறோர் ஆலயத்தின் வரலாறு. அது நம் பங்கைச் சேர்ந்ததன்று. நம் மறைமாநிலத்தைச் சேர்ந்ததன்று. கத்தோலிக்க ஆலயமே அன்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடியில், தெப்பக்குளத்துக்கு வடக்கே நிற்கும் கிறிஸ்து நாதர் ஆலயம் அது. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நம் பிரிந்த சகோதரர்களின் ஆலயம். லூர்து அன்னை ஆலயத்துக்குத் திருயாத்திரை போகிற நம்மவர்கள் அதைக் கடந்துதான் கடைவீதிக்குப் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் சிலரே.

"நம் யூபிலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இரண்டு உண்டு. அந்த ஆலயத்தின் வரலாற்றில் நம் மதுரை மண்ணின் இரத்தமும் கலந்திருக்கிறது என்பது ஒன்று. ஆலயம் யாருக்காகக் கட்டப்படுகிறது, யாரால் நிலைக்கிறது என்ற கேள்விக்கு அது விடை சொல்கிறது என்பது மற்றொன்று.

மதுரை முற்றுகை

மதுரை ஒரு காலத்தில் கோட்டை நகரம். அகழியும் மதிலும் கொத்தளங்களும் அதைச் சூழ்ந்திருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களில், மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அங்கே எழுந்தவைதாம் நாம் நாள்தோறும் நடக்கும் வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும். பெரியார் பேருந்து நிலையத்தருகே மிஞ்சியிருக்கும் கல் கொத்தளம் ஒன்றே அந்தப் பழைய கோட்டைக்குச் சாட்சி.

இந்தக் கோட்டையைத்தான் கான் சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப் கான், ஆர்க்காட்டு நவாபையும் ஆங்கிலக் கும்பினியையும் எதிர்த்துக் காத்து நின்றார். மருதநாயகம் என்ற பெயரில் அவரை நீங்கள் அறிவீர்கள். முதலில் கும்பினிக்காகப் போரிட்டவர். பின்பு அதே கும்பினியின் பகைவர். 1763-ஆம் ஆண்டு தொடங்கிய முற்றுகை 1764 அக்டோபர் வரை நீடித்தது. 1764 ஜூன் மாதத்தில் கும்பினிப் படை கோட்டையின் மீது பாய்ந்தது. பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. கடைசியில் கான் சாகிபு தம்மோடிருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையருகே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசலில் அவரது அடக்கத்தலம் இன்றும் உள்ளது. கான்சா மேட்டுத் தெரு என்று நாம் சொல்லும்போது, அறிந்தோ அறியாமலோ அவர் பெயரைத்தான் சொல்கிறோம்.

அந்த ஜூன் மாதத் தாக்குதலில் படுகாயமுற்று இறந்தவர்களுள் மேஜர் பிரெஸ்டன் என்ற ஆங்கிலத் தளபதியும் ஒருவர். அவரை நினைவில் வையுங்கள். திருச்சிராப்பள்ளியில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் எழத் துணை நின்றவர் அவரே.

தாழ்ந்த கூரையின் கீழ் ஒரு குரு

அந்த ஜெபவீட்டை எழுப்பியவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1726-ல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். ஹாலே நகரில் கற்றவர். 1750-ல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கு வந்து சேர்ந்தவர். 1762 முதல் திருச்சிராப்பள்ளியைத் தம் பணித்தலமாகக் கொண்டார். தமிழை நன்கு கற்றார். பாரசீகமும் இந்துஸ்தானியும் பின்னர் மராத்தியும் கற்றார். போர்த்துக்கீசிய வழிவந்த எளியவர்களோடு பேசுவதற்காகவே போர்த்துக்கீசியம் கற்றார்.

அவர் வாழ்ந்த விதத்தை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடமொன்றில் ஓர் அறை. ஒரு கட்டிலும் ஓர் ஆளும் கொள்ளும் இடம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் உயரம். சோறும் காய்கறியும் நம்மவர் சமைக்கும் முறையிலேயே உணவு. இந்த அறையிலிருந்துதான் அவர் கோட்டைக்குள்ளும் கோட்டைக்கு வெளியே கிராமங்களுக்கும் போய் வந்தார்.

கோட்டையில் பட்டாளம் இருந்தது. பட்டாளத்துக்குக் குரு இல்லை. குடியும் சூதும் அங்கே குறைவில்லை. நோயிலும் போரிலும் சாகிறவர்களை அடக்கம் செய்ய ஆள் இல்லை. சுவார்ட்ஸ் ஆங்கிலம் அதிகம் அறியாதவர். ஆயினும் அந்தச் சிப்பாய்களிடமே பேசிப் பழகி ஆங்கிலம் கற்றார். ஆரம்பத்தில் அச்சிட்ட பிரசங்கங்களை வாசித்துக் காட்டினார். பிறகு தாமே பேசினார். கேட்டவர்கள் மாறினர். தங்கள் சம்பளத்திலிருந்து ஆலயத்துக்குப் பணம் தந்தனர்.

இதற்கிடையே போரிலும், கோட்டை வெடிமருந்துக் கிடங்கு வெடித்த விபத்திலும் பெற்றோரை இழந்த பட்டாளத்துப் பிள்ளைகள் தெருவில் நின்றனர். அவர்களுக்காக ஒரு பள்ளி எழுந்தது. திருச்சியில் பெயர் பெற்ற பிஷப் ஹீபர் பள்ளி தன் தொடக்கத்தை அந்த அனாதைப் பள்ளியில்தான் காண்கிறது. அன்பர்களே, இதை உற்று நோக்குங்கள். எந்த வெடிமருந்து கோட்டையைக் காக்க வந்ததோ, அதுவே பிள்ளைகளை அனாதைகளாக்கிற்று. ஆலயமோ அந்தப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது.

1764-ல் மதுரைப் பாசறையில் காயம்பட்டவர்கள் குவிந்தபோது சுவார்ட்ஸ் அங்கே அழைக்கப்பட்டார். நம் ஊருக்கு வந்து, காயம்பட்டவர்களுக்கும் சாகக் கிடந்தவர்களுக்கும் அருகிலிருந்து பணி செய்தார். அதற்காக நவாப் 300 வராகன் அளித்தார். ஏழைக் குரு ஒருவருக்கு அது பெரும் பணம். அவர் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம் மிஷன் பணிக்கே கொடுத்துவிட்டார். மதுரைப் போரில் துணைவரான பிரெஸ்டனை இழந்து, மதுரைக் காயங்களைத் தொட்ட கைகளோடு திரும்பிப் போய்த்தான் அவர் கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1766 மே 18, பெந்தெகோஸ்தே ஞாயிறன்று அது அபிஷேகம் பெற்றது. அங்கே பட்டாளத்துக்கு ஆங்கிலத்திலும் நம் மக்களுக்குத் தமிழிலும் வழிபாடு நடந்தது.

பின்னர் கும்பினியார் அவரைக் கோட்டைப் பட்டாளத்தின் குருவாக நியமித்து ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் கொடுத்தனர். அதிலும் பெரும் பகுதி சபைக்கே போயிற்று. 1778-ல் தஞ்சைக்குச் சென்று, 1798-ல் அங்கேயே மரித்தார். அவரைத் தந்தையாகப் போற்றிய சரபோஜி மன்னர், சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிலைப் படலம் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு

இப்போது சிலர் மனதில் வேறொரு கேள்வி எழலாம். "சுவார்ட்ஸ் நம் சபையின் போதனையை ஏற்றவரல்லரே! அவர்களால் நமக்கு நஷ்டம் வரவில்லையா?" வந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நமக்கும் ஒரு கோட்டைக் கோயில் இருந்தது. 1642-ல் சென்னை வந்த எப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் குருவை, அங்கிருந்த போர்த்துக்கீசியக் கத்தோலிக்கருக்காக ஆங்கிலேயரே தங்கும்படி கேட்டுக்கொண்டனர். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புனித அந்திரேயா ஆலயம் எழுந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் அது நின்றது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-ல் ஆங்கிலேயர் திரும்பப் பெற்றனர். பிரெஞ்சுக்காரருக்குத் துணை நின்றார்கள் என்று கப்புச்சின் குருக்கள்மேல் சந்தேகம் விழுந்தது. அவர்கள் கோட்டையை விட்டு வெளியேற்றப்பட்டனர், ஆலயம் இடிக்கப்பட்டது. வேப்பேரியில் நமக்கிருந்த சிற்றாலயம் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதாவது, சுவார்ட்ஸ் சேர்ந்த அதே மிஷன்!

கோட்டை ஒரு கையால் கொடுக்கும். மறு கையால் பறிக்கும். ஆட்சியாளரின் தயவில் நிற்கும் ஆலயத்துக்கு ஆயுள் அவ்வளவே. ஆனால் அந்த மக்கள் அழிந்தார்களா? இல்லை. அவர்கள் கோட்டைக்கு வெளியே, அர்மீனியன் தெருவில் கூடினர். 1775-ல் அங்கே கட்டிய ஆலயம் இன்றும் நம் பூசைக்குத் திறந்திருக்கிறது.

நம் மதுரை மிஷனின் கதையும் இதுவே. 1606-ல் தத்துவ போதகர் என்ற தெ நோபிலி தொடங்கிய மிஷன், 1773-ல் சேசு சபை கலைக்கப்பட்டபோது குருக்களின்றித் தவித்தது. 1830-களின் இறுதியில்தான் அச்சபையார் திரும்பினர். இடைப்பட்ட இரண்டு தலைமுறைக் காலம், அரிதாய் வந்த சில குருக்களைத் தவிர, விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? உபதேசியார்களும், செபமாலை சொன்ன தாய்மாரும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்த பாட்டிமாரும் அல்லவா?

பாளையங்கோட்டையிலும் இதைக் காணலாம். அதுவும் பட்டாளம் தங்கிய கோட்டைதான். அங்கே ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த பிராமண விதவை குளோரிந்தா, அவர் இறந்த பின் 1778-ல் சுவார்ட்ஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். கோட்டைக்குள் அவர் கட்டுவித்த சிற்றாலயத்தை 1785-ல் சுவார்ட்ஸ் வந்து அபிஷேகம் செய்தார். அதற்கு மக்கள் வைத்த பெயர் தளபதியின் பெயரல்ல. "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்பதே. அங்கே மந்தையை மேய்க்க அனுப்பப்பட்டவர் சத்தியநாதன் என்ற தமிழர். 1790-ல் குருப்பட்டம் பெற்றவர்.

கடைசி வழிபாடு

திருச்சிக் கதையில் ஒரு காட்சியைச் சொல்லி முடிப்போம். பட்டாளம் பெருகிப் பாசறை கோட்டைக்கு வெளியே போனபோது, ஆங்கிலேயர் அங்கே புனித அருளப்பர் ஆலயத்தைத் தங்களுக்கெனக் கட்டிக்கொண்டனர். கோட்டை ஆலயம் தமிழ் ஏழைகளிடம் விடப்பட்டது, பழுதும் பட்டது. 1826 ஏப்ரலில் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் ஹீபர் வந்தார். ஞாயிறன்று பாசறை ஆலயத்தில் ஆங்கிலேயருக்குப் பிரசங்கித்தார். மறுநாள், ஏப்ரல் 3, விடியற்காலையில் கோட்டை ஆலயத்துக்கு வந்து தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு உறுதிபூசுதல் வழங்கினார். அவர்களுடைய வறுமையும் ஆலயத்தின் நிலையும் அவர் மனதை வருத்தின. தங்கிய வீட்டுக்குத் திரும்பிக் குளிக்க இறங்கியவர், அந்தத் தண்ணீரிலேயே உயிர் நீத்தார். அவர் உடல் பாசறை ஆலயத்தில் கிடக்கிறது; அவர் செய்த கடைசி வழிபாடோ நம் தமிழ் ஏழைகளோடு நிகழ்ந்தது.

பட்டாளம் போய்விட்டது. கும்பினி போயிற்று, நவாபு போனார், வெள்ளையராட்சியும் போயிற்று. திருச்சிக் கோட்டை மதிலில் மெயின்கார்டு கேட் முதலான சில எச்சங்களே மிஞ்சின. 250 ஆண்டுகளுக்கு மேலாகியும் கிறிஸ்து நாதர் ஆலயம் நிற்கிறது. பீரங்கியால் நிற்கவில்லை. பட்டாளம் கைவிட்ட பிறகும் கைவிடாத ஏழைத் தமிழ் விசுவாசிகளால் நிற்கிறது.

யூபிலிக்கு ஒரு கேள்வி

அன்பர்களே, யூபிலி என்றால் பழைய ஏற்பாட்டின்படி என்ன பொருள்? லேவியர் ஆகமத்தில், எக்காளம் ஊதி, அடிமைப்பட்டவன் விடுதலை பெறும் ஆண்டு. நிலமிழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்பும் ஆண்டு. வர்ணம் அடிப்பதும் கோபுரம் உயர்த்துவதும் மட்டும் யூபிலி ஆகிவிடாது.

கோட்டை மதில்கள் இடிந்தன. ஆனால் ஆலயத்துக்குள்ளே மதில் எழுப்பிய வரலாறும் நமக்குண்டு. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தின் முன் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் நம் சபையில் எழுந்த சுவரே. அதைப் பின்னர் இடித்தோம். இடித்த செங்கல் மனதுக்குள் மறுபடி அடுக்கப்படுவதில்லையா? தேர் யார் தெருவுக்குப் போகிறது, யார் தெருவுக்குப் போவதில்லை? கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம்? விழாக் குழுவில் யார் பெயர் இல்லை? பூசைக்கு வந்து வாசற்படியோரம் நிற்கிறவர்கள் ஏன் எப்போதும் அதே குடும்பத்தார்? இவற்றுக்கு நாம் சொல்லும் பதிலே நம் யூபிலியின் கணக்கு.

நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம், நல்லதே. ஆனால் கல்லில் பெயரில்லாத மூவரை இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் தேடிக் காண வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளை. பார்க்க ஆளில்லாத ஒரு நோயாளி. மனத்தாங்கலால் ஆலயம் வராமல் நின்றுவிட்ட ஒருவர். இந்த மூவரையும் கைப்பிடித்து அழைத்து வந்தால், நமக்குப் பின்வரும் தலைமுறை நூற்றாண்டு கடந்தும் இங்கே நின்று நன்றி சொல்லும்.

அப்படியே, திருச்சிக்குப் போகும்போது லூர்து அன்னையை வணங்கிவிட்டு, தெப்பக்குளத்தின் வடக்கே அந்தப் பழைய ஆலயத்தின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். மதுரை மண்ணில் காயம்பட்டுக் கிடந்தவர்களை நினைத்து, கான் சாகிபையும் நினைத்து, இரு பக்கமும் மாண்டவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிரிந்தவர் ஒன்றாகும்படி ஆண்டவர் செய்த செபத்தில் நமக்கும் அன்று ஒரு பங்கு கிடைக்கும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.