விறகை எப்போ இழுக்கணும்?

('பட்டம் வாங்கிய பிள்ளைக்கு அடுத்து வேண்டியது வேலையா? மேற்படிப்பா?' என்ற தலைப்பில் ராஜபாளையத்தில் நடந்த பட்டிமன்றத்தில், 'மேற்படிப்பே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசிய நண்பர் ஒரு போடு போட்டார். 'மேற்படிப்பு என்பது வேலை கிடைக்காதவன் தங்குகிற சத்திரம்' என்றார். நீங்க கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அதுல பாதி உண்மை. வேலை கிடைக்காம எம்.இ. சேர்ந்தவங்க இருக்கத்தான் செய்றாங்க. சத்திரத்துலயாவது சோறு போடுவான், இங்க நாமதான் பணம் கட்டணும்! (சிரிப்பு) ஆனா அய்யா, சத்திரத்துல படுத்திருக்கிறவன் எல்லாம் போக்கிடம் இல்லாதவனா? காசிக்குப் போறவனும் வழியிலே சத்திரத்துலதானே தங்குறான்? 'எங்கப்பா போறே?'ன்னு கேட்காம நாம தீர்ப்புச் சொல்லலாமா? (கைதட்டல்)

அதனால, ஊர்ல இருக்கிற எல்லா மேற்படிப்புக்கும் நான் வக்காலத்து வாங்க வரல. ஒரே ஒரு படிப்பை எடுத்துக்கிறேன். 'பிராசஸ் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்'. தமிழ் வாத்தியாருக்கு ஏன் இந்த வேலைன்னு கேப்பீங்க. இந்த ஊர் மில்லிலே வேலை பார்க்கிற ஒருத்தர் என்னைத் தேடி வந்தார். மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கையிலே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை உத்தரவு. மனசிலே இந்தப் படிப்பு. 'சார், பேரே விளங்கல. இதைப் படிச்சா யாரு வேலை குடுப்பா? இவளுக்கு அடுத்து ஒருத்தி இருக்கா. வீட்டுக் கடன் வேற இருக்கு'ன்னார். அவர் கேட்டதிலே ஒரு வார்த்தை தப்பில்லை. அவருக்குப் பதில் சொல்லாம நான் இங்கே உங்ககிட்ட கைதட்டல் வாங்கி என்ன பிரயோசனம்?

பேரு என்னன்னு முதல்ல பார்ப்போம். இங்கிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்குங்க. ஆண்டாளைச் சேவிச்சுட்டு வெளியே வந்தா அடுத்த காரியம் என்ன? பால்கோவா! 2019-லே புவிசார் குறியீடு வாங்குன பால்கோவா. பாலும் சர்க்கரையும் தவிர வேற ஒண்ணும் கிடையாது. அப்புறம் ஏன் நம்ம வீட்டிலே வரமாட்டேங்குது? (சிரிப்பு) அடுப்பு முன்னாடி நிக்கிற சரக்கு மாஸ்டரைப் பாருங்க. துடுப்பு கையிலே இருக்கும், கண்ணு சட்டியிலே இருக்கும், காது கொதிக்கிற சத்தத்திலே இருக்கும். பால் இன்னும் பதத்துக்கு வந்திருக்காது, அவர் விறகை வெளியே இழுப்பார். ஏன்? பதம் வந்த பிறகு இழுத்தா சட்டியிலே இருக்கிற சூடே அடிப்பிடிக்க வெச்சிரும். இப்ப செய்யுற காரியத்துக்குப் பலன் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் வரும்னு அவருக்குத் தெரியும். அதனால அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே வேலையைச் செய்யுறார்.

அய்யா, இதுக்குத்தான் அந்தப் படிப்பிலே பெரிய பேரா வெச்சிருக்காங்க, 'மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல்'னு. 1970-களிலே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்லே ஆரம்பிச்ச முறை. ஆலை எப்படி நடந்துக்கும்னு ஒரு கணக்கை எழுதிவெச்சு, வரப்போறதை முன்கூட்டிப் பார்த்து, இப்பவே வால்வைத் திருப்புறது. மாஸ்டர் மனசுக்குள்ள போடுற கணக்கை இவங்க தாள்ல போடுறாங்க, அவ்வளவுதான்.

'அப்ப மாஸ்டரே போதுமே, படிப்பு எதுக்கு?'ன்னு எதிரணியிலே சகோதரி முணுமுணுக்கிறாங்க. ஒரு சட்டிக்குப் போதும்மா. நம்ம ராமசாமிராஜா நகர் சிமெண்ட் ஆலைக்குப் போங்க. சுண்ணாம்புக்கல் அரைபட்டு, கலந்து, சூளைக்குள்ளே போய், ஏறத்தாழ 1,450 டிகிரி சூட்டிலே வெந்து வெளியே வருது. கல்லோட குணம் இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. நிலக்கரியும் அப்படித்தான். வெந்தது சரியா வேகலியான்னு சோதனைச்சாலை சொல்றதுக்குள்ளே எத்தனையோ டன் வெளியே வந்திருக்கும். அரவை பார்க்கிறவருக்குச் சூளை தெரியாது, சூளை பார்க்கிறவருக்குக் கரண்ட் பில் தெரியாது. இத்தனையையும் ஒரே ஜீவனா வெச்சு, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணுக்கு என்ன ஆகும்னு படிக்கிறதுதான் இந்தப் படிப்பு. 1936-லே இந்த ஊர்ல ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்ச பி.ஏ.சி. ராமசாமி ராஜா காலத்திலேர்ந்து இங்கே எல்லாருக்கும் தெரியும்: காத்து வறண்டா நூல் அறும், ஈரம் கூடுனா ரோலர்ல சுத்திக்கும். மில்லுக்காரருக்கு இதைப் போய் நான் சொல்லித்தரணுமா?

லண்டன் இம்பீரியல் கல்லூரியிலே ரோஜர் சார்ஜென்ட்னு ஒரு பேராசிரியர். 1926-லே பிறந்து 2018-லே மறைஞ்சார். இந்தத் துறைக்குத் தகப்பன்னு அவரைச் சொல்லுவாங்க. அங்கே 1989-லே இதுக்குன்னே ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. சரி, அது லண்டன் சங்கதி. நம்ம நாட்டுச் சங்கதிக்கு வர்றேன், கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேளுங்க.

1984 டிசம்பர் 2, நள்ளிரவு, போபால். விஷ வாயுத் தொட்டிக்குள்ளே தண்ணி இறங்கிருச்சு. தொட்டியைக் குளிர வைக்கிற கருவி இருந்துச்சு, நிறுத்தி வெச்சிருந்தாங்க. கசியுற வாயுவை எரிக்கிற கோபுரம் இருந்துச்சு, அதோட குழாயைப் பழுது பார்க்கக் கழட்டிப் போட்டிருந்தாங்க. வாயுவைக் கழுவுற கருவி இருந்துச்சு, அந்த வேகத்துக்கு அது தாங்கல. அளவுமானி இருந்துச்சு, அது முன்னாலேயே தப்புத் தப்பாக் காட்டுனதால ஆளுங்க அதை நம்பல. எல்லாமே இருந்துச்சு அய்யா! தனித்தனியா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். நாலும் சேர்ந்து ஒரே ராத்திரியிலே இல்லாமப் போனா என்ன ஆகும்னு ஒரு கேள்வி கேட்டிருக்கணும். ஆயிரக்கணக்கான பேர் தூக்கத்திலேயும் ஓட்டத்திலேயும் செத்தாங்க. காசை மிச்சம் பிடிச்ச நிர்வாகமும் அதுக்குக் காரணம், படிப்பு மட்டும் தடுத்திருக்கும்னு நான் புளுக மாட்டேன். ஆனா அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிஞ்சவங்க ஒவ்வொரு ஆலையிலேயும் வேணுமா, வேண்டாமா? (கைதட்டல்)

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திலே ஒரு வரிசை வெச்சார். நோய் இன்னதுன்னு பாரு, அது எங்கேயிருந்து கிளம்புச்சுன்னு பாரு, தணிக்கிற வழியைப் பாரு, அப்புறம் கையை வை. மனுஷ உடம்புக்குச் சொன்னது ஆலைக்கும் பொருந்துது பாருங்க. சென்னைப் பல்கலைக்கழகத்திலே கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு அமெரிக்கா போய், கார்னெல்லிலே முனைவர் பட்டம் வாங்குனவர் வெங்கட் வெங்கடசுப்ரமணியன். பர்டியூவிலே ரொம்ப காலம், அப்புறம் கொலம்பியாவிலே பேராசிரியர். அவர்கிட்டே பி.எச்.டி. பண்ணுனவர் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் ரகுநாதன் ரெங்கசாமி. ஆலையிலே கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதோட மூலத்தை எப்படித் தேடுறதுன்னு இவங்க கூட்டா 2003-லே மூணு பாகமா ஆய்வுக்கட்டுரை எழுதுனாங்க. உலகமெல்லாம் இந்தத் துறைப் பிள்ளைங்க அதைப் படிக்கிறாங்க. ரெங்கசாமி திரும்பி வந்து சென்னை ஐ.ஐ.டி.யிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். போனவன் திரும்பமாட்டான்னு நண்பர் சொன்னாரே, கேட்டுக்கோங்க. இன்னொரு வேடிக்கை. வெங்கடசுப்ரமணியன் 2017-லே எழுதுன புத்தகம் ஆலையைப் பத்தி இல்லை, சமூகத்திலே எவ்வளவு ஏற்றத்தாழ்வு நியாயம்னு! முதலாளிக்கு எவ்வளவு, தொழிலாளிக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டிருக்கார். பட்டிமன்றப் பேச்சாளருக்கு எவ்வளவுன்னு போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். (சிரிப்பு)

இப்ப அந்த அப்பாவோட பணக் கேள்வி. இதைத்தான் மேடையிலே யாரும் பேச மாட்டேங்கிறோம். கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. மாதிரி இடத்திலே எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பெரிய பணம் இல்லை, ஆனா வீட்டிலேருந்து அனுப்ப வேண்டியது குறையும். பி.எச்.டி.ன்னா 2023-லேருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000. அமெரிக்காவிலே பி.எச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டணமும் கிடையாது, செலவுக்குப் படியும் தருவாங்க. ஆனா எம்.எஸ்.ஸுக்கு நம்ம கைக்காசு. வீட்டை அடமானம் வெச்சு எம்.எஸ்.ஸுக்கு அனுப்பாதீங்க. ஆமா, எதிரணி இதுக்குக் கை தட்டலாம், நான் கோபப்பட மாட்டேன்!

அஞ்சு வருஷம் போகும். கூடப் படிச்சவ அதுக்குள்ளே கார் வாங்கியிருப்பா. இதையும் மறைக்கக் கூடாது. ஆனா சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, மருந்துக் கம்பெனி, இந்த ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுற கம்பெனி, இவங்களுக்கு எல்லாம் இந்தப் படிப்பாளி வேணும். கணக்கும் தெரிஞ்சு, கம்ப்யூட்டரும் தெரிஞ்சு, ஆலையும் தெரிஞ்ச ஆள் லேசுல கிடைக்கிறதில்லை.

'முதல்ல வேலைக்குப் போகட்டும், பிறகு படிக்கட்டும்'னு கடைசியா ஒரு வாதம் வெச்சாங்க. நடக்கும். நடந்தும் இருக்கு. ஆனா நாலு வருஷம் கணக்கிலே ஊறுன புத்தி இப்பத்தான் பதத்துக்கு வருது. இப்ப அடுப்பை அணைச்சுட்டு மூணு வருஷம் கழிச்சுப் பத்தவெச்சா, அது வேற பாலு.

நடுவர் அய்யா மணியைத் தொடுறார். அந்தத் தகப்பனார்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டு உட்கார்றேன். அய்யா, கேட் தேர்வு பிப்ரவரியிலே. அந்த மதிப்பெண் மூணு வருஷம் செல்லும். வேலை உத்தரவைக் கிழிக்கச் சொல்லல, அது பீரோவிலே பத்திரமா இருக்கட்டும். பிப்ரவரி வரைக்கும் பொண்ணை ராத்திரி படிக்க விடுங்க. மாப்பிள்ளை ஜாதகம் கொண்டுவர்ற தரகரை மார்ச்சிலே வரச்சொல்லுங்க. (பலத்த கைதட்டல்)